புதருக்குள் முதலில் கையை விடுங்கள்

மழை விட்டதும் பெங்களூரில் இரண்டு விஷயங்கள் ஒரே வாரத்தில் பெரிதாகும். ஒன்று ரோட்டுக் குழி, இன்னொன்று வீட்டு வேலி. குழியைப் பற்றி எனக்கு யாரும் எழுதுவதில்லை. வேலியைப் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: கரண்டில் ஓடுகிற வேலி வெட்டும் மிஷின், கடைக்காரர் வாயில் ஹெட்ஜ் ட்ரிம்மர், அதில் எதை வாங்குவது? அதனால் கறிவேப்பிலையில் புள்ளி, ரோஜாவில் மாவுப்பூச்சி எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வணக்கம் சார். எங்கள் வீட்டைச் சுற்றி நாற்பது அடிக்கு மஞ்சள் துரந்தா வேலி இருக்கிறது, என் நெஞ்சு உயரம். மாதம் ஒருமுறை வந்து வெட்டிக்கொண்டிருந்தவர் தர்மபுரிக்கே திரும்பிப் போய்விட்டார். வீட்டுக்காரருக்கு முட்டி வலி, இனி நான்தான் வெட்ட வேண்டும். கடையில் 600 வாட் எடுங்கள், சின்னதை எடுத்துவிட்டுப் பின்னால் வருத்தப்படாதீர்கள் என்கிறார்கள். எதை எடுக்கட்டும்?
வாசகி, ஹொரமாவு

பதில்: கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வேலியிடம் போங்கள் அம்மா. எந்த மட்டத்தில் வெட்டப் போகிறீர்களோ அந்த மட்டத்தில் புதருக்குள் கையை விட்டு, அங்கே கிளை எவ்வளவு தடிமன் என்று பென்சிலோடு ஒட்டிப் பாருங்கள். பென்சில் சுமார் 7 மி.மீ. இருக்கும். கிளைகள் பென்சில் கனமோ அதற்கும் மெலிந்தோ இருந்தால் சந்தையில் இருக்கிற மிகச் சிறிய மிஷினே உங்களுக்குப் போதும். கட்டைவிரல் கனத்துக்கு இருந்தால் 600 வாட் இல்லை, 1000 வாட் வாங்கினாலும் அந்தக் கிளை அதற்குள் போகாது.

ஏன் என்றால் இந்த மிஷினின் பிளேடு பார்க்கத்தான் ரம்பம் மாதிரி, செய்கிற வேலை கத்தரிக்கோலுடையது. மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு பல்வரிசைகள் முன்னும் பின்னும் ஓடி, பல்லுக்கு நடுவே நுழைந்த கிளையை நறுக்கும். கிளை நுழைந்தால்தானே நறுக்க முடியும்? அதனால் பெட்டியில் நீங்கள் தேட வேண்டிய எண் வாட் இல்லை, பல் இடைவெளி. வீட்டு மிஷின்களில் அது 16 மி.மீ. அல்லது 20 மி.மீ. சுற்றி இருக்கும், பெரியவற்றில் 24-க்கு மேலும் உண்டு. 16 என்று போட்டிருந்தால் 16 மி.மீ. கட்டையை வெட்டிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். பச்சைக் கிளையாக இருந்தால் 10, 12 மி.மீ. வரை தடங்கல் இல்லாமல் போகும், காய்ந்த கட்டையாக இருந்தால் அதுவும் திணறும்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். இது வெட்டி ஒழுங்காக இருக்கிற வேலியை ஒழுங்காகவே வைத்துக்கொள்வதற்கான மிஷின், காடாகிப் போன வேலியைத் திரும்பப் பிடிப்பதற்கான மிஷின் இல்லை. உங்கள் ஆள் ஊருக்குப் போய் இரண்டு மாதம்தான் ஆகிறது என்றால் துரந்தா பென்சில் கனத்தைத் தாண்டியிருக்காது. ஆறு மாதம் ஆகிவிட்டது என்றால் முதல் தடவை மட்டும் கைக்கத்தரியும் சின்ன ரம்பமும் வைத்து ஆள் விட்டு வெட்டிவிடுங்கள், அந்தச் செலவைப் பார்க்காதீர்கள், புது மிஷினின் கியர் தேய்வதைவிட அது மலிவு.

சரி, வாட்டுக்கு வருகிறேன். 600 வாட் என்பது மிஷின் சாப்பிடுகிற கரண்ட், அது செய்து கொடுக்கிற வேலை இல்லை. மோட்டார் பெரிதாகப் பெரிதாக எடை ஏறும், அந்த எடையைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போவது கடைக்காரர் இல்லை, நீங்கள். ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலம் நான்கை ஒரு பையில் போட்டு, இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையை உடம்பிலிருந்து விலக்கி நீட்டியபடி ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அப்புறம் ஒன்றரைப் பொட்டலத்தை எடுத்துவிட்டு மறுபடி நில்லுங்கள். நாலு கிலோ மிஷினுக்கும் இரண்டரை கிலோ மிஷினுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான், அதுவும் உங்கள் மிஷின் ஐந்து நிமிடத்தில் கீழே இறங்காது.

பெயரைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். போஷ் கம்பெனியின் பழைய வரிசையில் ஏஹெச்எஸ் 45-16 என்று ஒன்று உண்டு, 420 வாட், எடை இரண்டரை கிலோ சுற்றி. 45 என்பது பிளேடின் நீளம் செ.மீ.யில், 16 என்பது பல் இடைவெளி மி.மீ.யில், பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது. அதைத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, உதாரணத்துக்குச் சொன்னேன். (ஆடுகோடிப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு அந்தக் கம்பெனி இன்றும் மைக்கோதான். 1951-ல் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்று தொடங்கி 2008-ல்தான் போஷ் லிமிடெட் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். மைக்கோ லேஅவுட் மட்டும் மாறவில்லை.)

நெஞ்சு உயரத்துக்கு, நாற்பது அடிக்கு, 45 அல்லது 50 செ.மீ. பிளேடு சரியாக இருக்கும். 60 செ.மீ. பிளேடில் மேல்பக்கம் பலகை மாதிரி சமமாக வரும் என்பது உண்மைதான், ஆனால் முன்பாரம் இழுக்கும், பழகாத கைக்கு மூக்கு கீழே இறங்கி வேலியில் பள்ளம் விழும். பள்ளம் நிரம்ப இரண்டு மாதம் ஆகும், போகிற வருகிறவர்கள் எல்லாம் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். எனக்குத் தெரியும்.

கடையில் கையில் எடுத்ததும் ஒன்றைச் சோதியுங்கள். பின்கைப்பிடியில் ஒரு சுவிட்ச், முன்கைப்பிடியில் ஒரு சுவிட்ச், இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் ஓட வேண்டும், ஒன்றை விட்டாலும் பிளேடு உடனே நிற்க வேண்டும். இரண்டு கையும் பிடியில் இருக்கும்வரை விரல் பிளேடுக்குப் போகாது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஒற்றைச் சுவிட்ச்தான் என்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். சுவிட்சை டேப் போட்டு ஒட்டிவிட்டு ஒரு கையால் ஓட்டுகிற சாமர்த்தியசாலிகளையும் பார்த்திருக்கிறேன், அந்தப் பழக்கத்தை மட்டும் யாரிடமும் கற்றுக்கொள்ளாதீர்கள்.

ஒயர் வைத்ததா, பேட்டரியா? உங்கள் வீட்டுக்கு ஒயர். வாசல் பிளக்கிலிருந்து நாற்பது அடி ஒன்றும் தூரம் இல்லை. ஒயரை எப்படிப் பிடிப்பது என்று அடுத்த பதிலில் சொல்கிறேன், அதைப் படிக்காமல் வாங்கப் போகாதீர்கள்.

கேள்வி: சார், நான் வாங்கிய மிஷினில் இரண்டு பின் பிளக்தான் இருக்கிறது, எர்த் பின்னே இல்லை. என் மகன் இது டூப்ளிகேட், திருப்பிக் கொடுங்கள் என்கிறான். எர்த் இல்லாமல் ஈரச் செடியில் கரண்ட் மிஷின் ஓட்டுவது ஆபத்து இல்லையா? எக்ஸ்டென்ஷன் எத்தனை எம்.எம். ஒயரில் போட வேண்டும்?
வாசகர், பானஸ்வாடி

பதில்: மகன் சந்தேகப்பட்டது நல்லது, ஆனால் டூப்ளிகேட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மிஷின்மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள், ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சிறிய சதுரம் வரைந்திருக்கிறதா? இருந்தால் அது இரட்டைக் காப்பு கொண்ட மிஷின். உள்ளே ஒரு காப்பு கெட்டாலும் இன்னொரு காப்பு தாங்கும்படி செய்திருப்பார்கள், அதற்கு எர்த் தேவையில்லை. அந்தச் சதுரம் இல்லாமல் இரண்டு பின் மட்டும் இருந்தால் மகன் சொன்னபடியே செய்யுங்கள். பிளக் நம் வீட்டுச் சாக்கெட்டில் லொடலொட என்று ஆடினாலும் அப்படியே சொருகி ஓட்டாதீர்கள், எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து நல்ல பிளக் மாட்டிக்கொள்ளுங்கள்.

உண்மையான ஆபத்து மிஷினில் இல்லை, ஒயரில் இருக்கிறது. முப்பது வருஷம் ஒரு தொழிற்சாலையின் மின்பராமரிப்பில் இருந்தவன் சொல்கிறேன், வேலி வெட்டுகிறவன் அதிகமாக வெட்டுவது தன் ஒயரைத்தான். நானே வெட்டியிருக்கிறேன். ஒயரை வேலிக்கு அந்தப் பக்கம் தொங்கவிட்டுவிட்டு இந்தப் பக்கம் ஜோராக வெட்டிக்கொண்டு போனேன், டப் என்று ஒரு சத்தம், நீலமாக ஒரு மின்னல், உள்ளேயிருந்து மனைவி "மிக்ஸி நின்னுபோச்சு, கரண்ட் போயிடுச்சா பாருங்க" என்று கத்தினாள். போயிருந்தது, நான்தான் அனுப்பி வைத்திருந்தேன். பிளேடின் ஒரு பல்லில் இன்றும் அந்தக் கறுப்புத் தழும்பு இருக்கிறது. வீட்டில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச், இருந்ததால் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன்.

அதனால் எம்.எம். கேள்விக்கு முன்னால் என் கேள்வி: உங்கள் மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா? சாதாரண எம்சிபி 6 ஆம்பியரோ 10 ஆம்பியரோ தாண்டினால்தான் விழும், ஒயரைக் காப்பாற்றுவதற்காக வைத்தது. ஆளைக் கொல்ல 6 ஆம்பியரில் நூறில் ஒரு பங்கே போதும். அந்தக் கசிவைப் பார்த்து விழுவது ஆர்சிசிபி. பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் அதில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்குமே, மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் அது போர்டில் மாட்டிய பொம்மை.

இப்போது ஒயர். உங்கள் மிஷின் 450 வாட் என்று வைத்துக்கொண்டு, அதை 230 வோல்ட்டால் வகுத்தால் இரண்டு ஆம்பியர்கூட வராது, உங்கள் வீட்டு அயர்ன் பாக்ஸ் இதைவிட இரண்டு மடங்கு இழுக்கும். 1.5 சதுர மி.மீ. ஒயரில் 30 மீட்டர் போனாலும் ஒன்றரை வோல்ட் அளவுதான் குறையும். ஆகவே மின்சாரக் கணக்குப்படி மெல்லிய ஒயரே போதும், ஆனால் அதை வாங்காதீர்கள். தோட்டத்து ஒயர் கல்லில் உரசும், கேட்டில் நசுங்கும், மிதிபடும், வெயிலில் கிடக்கும். மேலுறை தடித்த, மூன்று கோர் கொண்ட, 1.5 சதுர மி.மீ. ஒயர் எடுங்கள், ஆரஞ்சு நிறம் கிடைத்தால் அதையே எடுங்கள், பச்சைச் செடிக்கு நடுவில் கண்ணில் படும். கறுப்பு ஒயர் நிழலோடு நிழலாகிவிடும். நடுவில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் எதுவும் கூடாது, அந்த டேப் ஜாயின்ட் ஈரப் புல்லில் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது.

பிளக்குக்குப் பக்கத்தில் ஆரம்பித்து விலகி விலகிப் போங்கள், ஒயர் எப்போதும் வெட்டி முடித்த பக்கம், உங்கள் முதுகுக்குப் பின்னால் கிடக்கும். தோள்மேல் போட்டுக்கொண்டு ஓட்டினால் இன்னும் நல்லது. இலையில் ஈரம் சொட்டும்போது வேண்டவே வேண்டாம். நம் ஊரில் செப்டம்பர், அக்டோபரில் மத்தியானம் தாண்டினால் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது, காலையில் பனி, ஆகவே பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் வெட்டி, சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுங்கள். பல்லில் கிளை சிக்கினால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அப்புறம் கையை வையுங்கள், சுவிட்சை விட்டால் போதும் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, ஆன்லைனில் பார்த்தால் 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட், 48, 88 என்று பேட்டரி மிஷின்கள் வருகின்றன. 88 போட்டிருப்பதுதான் விலையும் குறைவு. அதிக வோல்ட் என்றால் அதிகச் சக்திதானே, அதையே எடுத்துவிடலாமா?
வாசகர், எலக்ட்ரானிக்ஸ் சிட்டி

பதில்: தம்பி, நீங்கள் எலக்ட்ரானிக்ஸ் சிட்டியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? சரி, கேட்டுவிட்டீர்கள். லித்தியம் செல் ஒன்று சாதாரணமாக 3.6 வோல்ட், முழுசாகச் சார்ஜ் ஏறியதும் 4.2 வோல்ட். ஐந்து செல்லை வரிசையாக இணைத்தால் 3.6 பெருக்கல் 5, அது 18. சார்ஜ் ஏறிய கணத்தில் 4.2 பெருக்கல் 5, அது 21. நடுவில் 4 என்று வைத்துக்கொண்டால் 20. மூன்றும் அதே ஐந்து செல்தான், மாப்பிள்ளைக்கு மூன்று ஊரில் மூன்று பெயர். 18-ஐ விட 21 பலம் என்று நினைத்து வாங்கினால் ஏமாந்தது நீங்கள்தான்.

48, 88 என்று பின்னால் ஓர் எழுத்தையும் ஒட்டிப் போடுகிறார்களே, அதை நம்புவதற்கு முன் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். வெளியே தரும் வோல்ட் அதில் அச்சிட்டிருக்கும். 21 வோல்ட் என்று இருந்தால் உள்ளே ஐந்து செல், பெட்டியில் எட்டு எட்டாகப் போட்டிருந்தாலும் சரி. படத்தில் சார்ஜர் தெரியவில்லை என்றால் விற்பவரிடம் கேள்வி கேளுங்கள், பதில் வராவிட்டால் அதுவே பதில்.

நானும் மாட்டியிருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் பெயர் தெரியாத ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். முதல் மழைக்காலம் அருமையாக ஓடியது, இரண்டாவது மழைக்காலத்தில் உள்ளே பிளாஸ்டிக் கியர் மொழுக்கென்று ஆகிவிட்டது. கியர் கிடைக்காது, பிளேடு கிடைக்காது, பேட்டரியை வேறு எதற்கும் மாட்ட முடியாது, விற்றவர் பக்கமே காணோம். பேட்டரி மட்டும் இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது, அலமாரியில்.

பேட்டரியில் பார்க்க வேண்டியது வோல்ட்டையும் ஏஹெச்சையும் (ஆம்பியர்-மணி, பேட்டரி மேலேயே போட்டிருக்கும்) பெருக்கி வருகிற எண். 18 வோல்ட், 2 ஏஹெச் என்றால் 36 வாட்-மணி, 4 ஏஹெச் என்றால் 72. நுனித்தளிர் மட்டும் சீவுகிறவருக்கு 36 போதும், தடித்த கிளைக்குள் போகப் போக அது சீக்கிரம் இறங்கும். அதைவிட முக்கியம், வீட்டில் ஏற்கெனவே ட்ரில்லோ ஸ்குரூடிரைவர் மிஷினோ பேட்டரியில் ஓடுகிறதா? அதே கம்பெனி, அதே வோல்ட் வரிசையில் வேலி மிஷினின் உடம்பை மட்டும், பேட்டரியும் சார்ஜரும் இல்லாமல், விற்பார்கள். விலையில் பெரிய பங்கு பேட்டரிக்குத்தான் போகிறது, அது மிச்சம். சிலர் இதைத் தெரியாமல் வாங்கிவிட்டுப் பெட்டியில் பேட்டரியே இல்லை என்று சண்டைக்குப் போவதும் உண்டு, ஆகவே பெட்டியின் மேல் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள்.

வெட்டாத மாதங்களில் பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றி வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். மாடியில் தகரக் கொட்டகையில் ஏப்ரல் வெயிலில் வைத்தால் பரிதாபமாகச் செத்துப்போகும்.

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்துக்காகக் கேட்கிறேன். சுற்றுச்சுவரை ஒட்டி முந்நூறு மீட்டருக்கு வேலி. பெட்ரோல் மிஷினா, கரண்ட் மிஷினா? செலவு குறைவாக இருக்க வேண்டும்.
வாசகர், சர்ஜாபூர் ரோடு

பதில்: முந்நூறு மீட்டருக்கு ஒயர் மிஷின் சரிவராது. நடைபாதை முழுக்க ஒயரை இழுத்துப் போட்டால் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளையோ வாக்கிங் போகிற பெரியவரோ தடுக்கி விழுவார். பெட்ரோல் மிஷின் நாள் முழுக்க ஓடும், தீர்ந்தால் ஊற்றிக்கொள்ளலாம், ஆனால் புகை, சத்தம், எடை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு அதை இழுத்து ஸ்டார்ட் செய்தால் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்ன நடக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்ல கம்பெனி பேட்டரி மிஷின் ஒன்று, பேட்டரி இரண்டு அல்லது மூன்று, ஒன்று ஓட ஒன்று சார்ஜ் ஏற, வேலியை நான்காகப் பிரித்து வாரம் ஒரு பக்கம். என் ஓட்டு அதற்குத்தான். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த இடத்துக்கு நீளக் கம்பு வைத்த மிஷின் தனியாக வருகிறது, ஏணியில் ஏறி இரண்டு கையிலும் மிஷினைப் பிடிக்கச் சொல்லாதீர்கள், ஏணியை அப்புறம் யார் பிடிப்பது?

செலவு குறைவாக என்று எழுதியிருக்கிறீர்கள். மிஷினைத் தேர்ந்தெடுக்கிற கூட்டத்துக்கு ஓட்டப்போகிறவரைக் கூப்பிட்டீர்களா? எங்கள் தெருவில் வேலை செய்கிற தோட்டக்காரர் திருப்பத்தூர்ப் பக்கம், இருபது வருஷமாக இதே வேலை. அவரிடம் எது நல்ல மிஷின் என்று கேட்டேன். "லேசா இருக்கணும் சார், அதிரக் கூடாது, சாயங்காலம் சாப்பாட்ட வாய்க்கு எடுத்துட்டுப் போறப்போ கை நடுங்குது" என்றார். பிளேடு இரண்டும் எதிரெதிராக ஓடுகிற வகையில் அதிர்வு குறைவு, ஒன்று மட்டும் ஓடுகிற வகையில் அதிகம், கேட்டு வாங்குங்கள். அதோடு கண்ணாடி, கையுறை, காதடைப்பு, மூடிய ஷூ. மிஷினுக்கு ஆயிரக்கணக்கில் போட்டுவிட்டு ஓட்டுகிறவர் ஹவாய்ச் செருப்போடு நிற்கிற அபார்ட்மென்ட்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

கேள்வி: மிஷின் வாங்கி ஒரு வருஷம். அன்றிலிருந்து என் இட்லிப்பூ வேலி பூப்பதே இல்லை. கரண்ட் சூட்டினால் செடி கெட்டுவிட்டதா அக்கா, அண்ணா, யாராக இருந்தாலும் பதில் சொல்லவும்.
வாசகி, மல்லேஸ்வரம்

பதில்: அண்ணாதான். கரண்ட் சூடு ஒன்றும் இல்லை, உங்கள் சுறுசுறுப்புதான் காரணம். இட்லிப்பூ கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். கைக்கத்தரி இருந்தபோது சோம்பல் பட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெட்டியிருப்பீர்கள், மிஷின் வந்ததும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஓட்டுகிறீர்கள், மொட்டு தலைகாட்டுவதற்கு முன் தலை போய்விடுகிறது. ஒரு சுற்றுப் பூத்து வாடியதும் வெட்டுங்கள், அப்புறம் அடுத்த பூ முடியும்வரை மிஷினை அலமாரியில் பூட்டிச் சாவியை வேறு யாரிடமாவது கொடுங்கள். காகிதப்பூவுக்கும் ஏறக்குறைய இதே கதைதான், புதுக்கிளையில்தான் நிறம் வரும்.

செம்பருத்தி, குரோட்டன்ஸ் மாதிரி அகல இலைச் செடிகளில் இந்த மிஷினை ஓட்டவே ஓட்டாதீர்கள். இலையைப் பாதியில் கிழித்துவிட்டுப் போகும், இரண்டே நாளில் ஓரமெல்லாம் பழுப்பாகிவிடும். துரந்தா, மருதாணி மாதிரி சிற்றிலைச் செடிக்குத்தான் இது. உங்கள் ஊர்க்காரர் இன்னொருவர் மாடித்தோட்டத்தில் முப்பது தொட்டிக்கு மிஷின் கேட்டிருந்தார், அவருக்கும் இங்கேயே பதில்: வேண்டாம் சார், ஒரு நல்ல கைக்கத்தரி வாங்குங்கள், மிச்சப் பணத்துக்கு மண் வாங்குங்கள்.

கேள்வி: வேலி மேலே அடர்த்தி, அடியில் மொட்டை. நாய் நுழைந்து வருகிறது. எந்த மிஷினால் சரி செய்யலாம்?
வாசகர், ஜாலஹள்ளி

பதில்: மிஷினால் வந்ததை மிஷினால் சரி செய்ய முடியாது. மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் குடை மாதிரி வெட்டியிருக்கிறீர்கள், அடிக்கிளைக்கு வெயிலே போகவில்லை, இலை உதிர்ந்துவிட்டது. அடி அகலம், தலை குறுகல், அரிசி மூட்டையை நிறுத்தி வைத்தாற்போல் லேசாகச் சரிய வேண்டும். பக்கவாட்டை முதலில், கீழிருந்து மேலே ஓட்டுங்கள், வெட்டியது கீழே விழுந்துகொண்டே போகும், மறைக்காது. மேல்மட்டத்துக்கு இரண்டு முனையிலும் குச்சி நட்டு நூல் கட்டிக்கொள்ளுங்கள், கண்ணை நம்பினால் வேலி தெருவின் சரிவோடு சரிந்துவிடும். மொட்டை விழுந்த இடத்துக்கு, மழை தொடங்கும் ஜூன் வாக்கில் மேல்பக்கத்தை மூன்றில் ஒரு பங்கு கைரம்பத்தால் குறைத்துவிட்டுப் பாருங்கள், அடியில் துளிர் வரும். நாய் அதுவரை வரத்தான் செய்யும்.

கேள்வி: வெட்டியதும் பிளேடில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்கிறது.

பதில்: ஈரமாக இருக்கும்போதே துடைக்க வேண்டியது. காய்ந்துவிட்டால் பிளக்கை எடுத்துவிட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஊறவைத்துத் தேய்த்து, தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, பத்து நொடி சும்மா ஓட்டி வையுங்கள். தண்ணீர்க் குழாயைப் பிடிக்காதீர்கள்.

கேள்வி: பாதி வேலி வெட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஒரு கூடு, மூன்று முட்டை. மீதியை வெட்டலாமா?
வாசகி, ஜெயநகர்

பதில்: சின்னானாக, கொண்டைக்குருவி என்கிறோமே, அதுவாக இருக்கும், இடுப்பு உயரப் புதர் என்றால் அதற்குக் கொள்ளை ஆசை. முட்டை பொரிய இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவாகவும், குஞ்சு கூட்டைவிட்டுப் போக இன்னும் அவ்வளவு நாளும் ஆகும். ஒரு மாதம் அந்தப் பக்கம் போகாதீர்கள், இரண்டு கைநீளம் தள்ளி மற்றதை வேண்டுமானால் கைக்கத்தரியால் வெட்டுங்கள். வேலியில் ஒரு குடுமி நிற்கும், நிற்கட்டும். மற்றவர்களுக்கும் சொல்கிறேன், மிஷினை ஓட்டுவதற்கு முன் ஒரு குச்சியால் வேலியைத் தட்டி உள்ளே பாருங்கள், கூடு மட்டும் இல்லை, குளவியும் இருக்கும்.

கேள்வி: அரளி வேலி வெட்டிய தழையை என்ன செய்வது?

பதில்: அரளி முழுக்க விஷம். ரோட்டோரம் கொட்டாதீர்கள், நம் தெருக்களில் மாடு மேயும், கொஞ்சம் தின்றாலே போதும் அதற்கு. கொளுத்தவும் வேண்டாம், புகையும் கெடுதல். மூட்டை கட்டி, என்ன தழை என்று சொல்லி, குப்பை வண்டியில் கொடுங்கள். வெட்டும்போது முழுக்கைச் சட்டை, கண்ணாடி.

கேள்வி: எஸ்.ஜே.பி. ரோட்டில் பழைய மிஷின் ஒன்று பாதி விலைக்குச் சொல்கிறார்கள். வாங்கலாமா அண்ணா?
வாசகர், உல்சூர்

பதில்: வாங்கலாம், ஆனால் கடையிலேயே ஓட்டிப் பார்த்து. முதலில் பிளக் இல்லாமல் பிளேடைக் கையுறை போட்டுப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள், லொடலொடத்தால் வெட்டாது, இலையை மென்று துப்பும். அப்புறம் சொருகி, ஒரு சுவிட்சை மட்டும் அழுத்துங்கள். ஓடினால் யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள், கிளம்பிவிடுங்கள். இரண்டையும் அழுத்தி ஒரு நிமிடம் சும்மா ஓட்டி, காற்றுத்துளை வழியாக உள்ளே பாருங்கள். சின்னப் பொறி பறந்தால் பரவாயில்லை, மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கிற கார்பன் துண்டை மாற்றினால் சரியாகும். நெருப்பு வளையம் மாதிரி சுற்றினாலோ, தீய்ந்த வாசனை வந்தாலோ மோட்டார் போய்க்கொண்டிருக்கிறது. கைப்பிடியிலிருந்து ஒயர் வெளியே வருகிற இடத்தை மடித்துப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் முதலில் வரும். எல்லாம் சரியாக இருந்தால், இந்த மாடலுக்குப் பிளேடு கிடைக்குமா என்று அதே ரோட்டில் இன்னொரு கடையில் விசாரித்துவிட்டு வந்து பர்ஸை எடுங்கள்.